திருகோணமலையிலிருந்து நுவரெலியா ஒருநாள் குழுச் சுற்றுலா: போகலாம், ஆனால் நேர அட்டவணையைக் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்

இரவு பத்து மணிக்கு நகரத்தில் ஏற்றி, விடிய நுவரெலியாவில் இறக்கி, பகல் முழுக்கச் சுற்றிக் காட்டி, அடுத்த நாள் விடியமுதல் திரும்பக் கொண்டுவந்து விடுகிற குழுச் சுற்றுலா ஒன்றில் குடும்பமாகப் போய்வந்தோம். ஆளுக்கு 7,500 ரூபாய். கோஸ்டர் பஸ், காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்து இங்கே இப்படி ஆள் சேர்க்கிற பலரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் வைத்திருக்கிறார்கள், என்னுடைய பெரிய குறையும் அந்தப் பட்டியலைப் பற்றியதுதான்.

சாரதியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், அந்த மனிசனுக்குத்தான் இந்தப் பயணத்தில் முழு மார்க். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் இரவில் யானை ரோட்டுக்கு வரும் என்பது நம்ம ஊர் ஆக்கள் எல்லாருக்கும் தெரியும், அந்தத் துண்டு முழுக்க வேகத்தைக் குறைத்தே ஓட்டினார், பின்னால் இருந்த பொடியன்கள் "அண்ணா கொஞ்சம் அமத்துங்கோ" என்று சொல்லியும் கேட்கவில்லை. பதினொரு மணியோடு பாட்டையும் நிப்பாட்டிவிட்டார்கள், வயதான ஆக்கள் கொஞ்சம் கண்ணயர முடிந்தது. திரும்பி வரும்போது றம்பொடை வளைவுகளில் பிறேக்கையே நம்பியிருக்காமல் சின்ன கியரில் போட்டு நிதானமாக இறக்கினார். மலை ரோட்டில் இதைவிட எனக்கு வேறொன்றும் தேவையில்லை.

விடிய ஆறரைக்கு இறங்கினோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடற்கரையிலேயே வாழ்கிற நமக்கு கதவைத் திறந்தவுடனேயே அந்தக் குளிர் மூக்கில் ஏறும், சின்னப் பிள்ளைகள் வாயால் புகை விட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். முகம் கழுவி உடுப்பு மாற்ற ஒரு விடுதியில் இரண்டே இரண்டு அறை எடுத்திருந்தார்கள். பஸ் நிறைந்த கூட்டத்துக்கு இரண்டு அறை எப்படிக் காணும்? சுடுதண்ணி முதல் நாலைந்து பேரோடு முடிந்தது, பெண்கள் வரிசையில் நின்று நின்றே ஒன்றரை மணித்தியாலம் போனது. இன்னும் இரண்டு அறைக்கு ஆளுக்கு இருநூறு முந்நூறு கூடக் கேட்டிருந்தாலும் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் சம்பலும், சூடாக இருந்தது, அதில் குறையில்லை.

இனி அந்தப் பட்டியல். கிரகரி வாவிக்கு ஒன்றரை மணித்தியாலம், ஹக்கல பூங்காவுக்கு நாற்பது நிமிடம்! கிரகரி வாவி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டியது, வடிவான இடம், பிள்ளைகளுக்குக் குதிரையும் படகும் உண்டு, அதற்குத் தனியாகக் காசு. ஆனால் இது கடலே இல்லாத ஊர் ஆக்களுக்குப் போட்ட அட்டவணை. உட்துறைமுகத்தையும் நிலாவெளியையும் வாசலில் வைத்துக்கொண்டிருக்கிற நாம் எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் குந்திப் போவது தண்ணி பார்க்கவா? நமக்கு ஊரில் கிடைக்காதது குளிர், மலை, தேயிலை, பூ. அவற்றுக்குத்தான் நேரம் வேண்டும்.

ஹக்கலவை அரைகுறையாகப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் மனக்கவலை. அது 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம், அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான குயினைன் எடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலால் அவ்வளவு அடிபட்ட வறண்ட வலயத்தில் இருந்து போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட ஒரு பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? பின்னால் ஹக்கல மலை சுவர் மாதிரி நிற்கிறது, ரோசாத் தோட்டம், பன்னச் செடிகள், பாசி பிடித்த பெரிய மரங்கள், எல்லாம் ஏற்ற இறக்கமான பாதையில். முழங்கால் வலியோடு வந்த அம்மாமார் ரோசாத் தோட்டம் வரைக்கும் மெல்ல நடந்து போய்ச் சேர, விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். சரியான கோபம் வந்தது எனக்கு.

சீதாஎலிய கோயிலில் மட்டும் யாரும் அவசரப்படுத்தவில்லை. வழிகாட்டியாக வந்த தம்பி மலையகத்துப் பொடியன், அழகாகக் கதை சொன்னார். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, சீதை சிறையிருந்ததாகச் சொல்லுகிற இடத்தில், அந்த ஓடைக்கரையில் அனுமன் பாதம் என்று காட்டுகிற பாறைப் பள்ளங்களுக்குப் பக்கத்தில் நிற்பது ஒரு தனி உணர்வு. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்த கோயில், வர்ணம் எல்லாம் புதிதாக இருந்தது.

மதியம் சோறும் கோழிக்கறியும், சைவக்காரருக்குத் தனிப் பார்சல், ருசி சுமார். விக்டோரியா பூங்கா, சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர் இரண்டையும் படம் எடுக்கிற அளவுக்குத்தான் பார்த்தோம், அவ்வளவு போதும். பிறகு மரக்கறி வாங்க நிப்பாட்டினார்கள். லீக்ஸ், கரட், பீட்றூட், நோக்கோல் என்று ஆளுக்கு இரண்டு பை. இதைச் சிலர் நேர வீண் என்றார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, வீட்டுக்கு அந்தப் பச்சை வாசத்தோடு ஏதாவது கொண்டுபோக வேண்டும்தானே.

இப்படி இழுபட்டு நகரத்தை விட்டு வெளிக்கிட நாலரை தாண்டிவிட்டது. லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது, றம்பொடை வந்து சேர ஒரே பனிமூட்டம், நீர்வீழ்ச்சியின் சத்தம் கேட்டது, ஆளைக் காணவில்லை. அனுமார் கோயிலிலும் அதே நிலைமைதான். போகும்போது அந்தப் பாதை முழுக்க இருட்டில் போய்விடுகிறது என்பதால், வரும்போதாவது பகலில் வந்தால்தான் மலைநாட்டைப் பார்த்த கணக்கு. இதை நடத்துகிறவர்கள் யோசிக்கவே இல்லை.

லபுக்கலையில் இன்னொன்றும் நடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களை மறித்து, கூடையை வாங்கித் தங்கள் தலையில் மாட்டிப் படம் எடுக்க எங்கள் கூட்டத்திலேயே சிலர் ஓடினார்கள். நாள் முழுக்க மலைச்சரிவில் நின்ற ஆக்கள் அவர்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேட்டால் அவர்களே சிரித்துக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். புறப்பட முதலே இதைச் சொல்லிவைப்பது நடத்துகிறவர்களின் பொறுப்பு.

காலத்தையும் பாருங்கள். நமக்கு இங்கே கச்சான் காற்று அடித்து வெயில் கொளுத்துகிற ஜூன், ஜூலையில்தான் மலைக்கு ஓடிப்போக மனம் வரும், ஆனால் அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மழையாகக் கொட்டும். ஏப்ரலில் வசந்த காலக் கொண்டாட்டம், பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நகரம் நெரிபடும், ஒருநாள் பயணத்தில் பாதி பஸ்ஸுக்குள்ளேயே போகும். மாசி, பங்குனிதான் தோதான காலம்.

லண்டன், கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் நுழைவுச்சீட்டைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஹக்கலவில் வேறு கட்டணம். எங்களோடு வந்த ஒரு குடும்பத்துக்கு இது வாசலில் வைத்துத்தான் தெரியவந்தது, மிச்சக் காசை அவர்களே கட்டவேண்டியதாகப் போய்விட்டது. வாந்தி வருகிறவர்கள் பின் வரிசையை எடுக்க வேண்டாம், கம்பளை தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு.

நடத்துகிறவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள், அடுத்த முறை வாவியில் நேரத்தைக் குறைப்பதாகச் சொன்னார்கள். நீங்கள் பதிவு செய்தால் இரண்டை மட்டும் கேளுங்கள்: ஹக்கலவுக்கு எவ்வளவு நேரம், நகரத்தை விட்டு எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறோம். முதலாவதுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாவதுக்குப் பின்னேரம் இரண்டரை என்று பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். முற்பணம் பாதி கட்டவேண்டும், ஆள் சேராவிட்டால் திகதியை மாற்றுவார்களா, காசைத் திருப்பித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.