அடி இறக்கம்: பயிற்சியா, வளையமா, ஆபரேஷனா?

இரண்டாவது பிள்ளையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆறு மாதம் ஆன பிறகும் இருமினால், தும்மினால், அம்பாசமுத்திரம் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூடச் சிறுநீர் கசிந்தது. சாயங்காலம் ஆனால் அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோல ஒரு கனம். ஆச்சியிடம் சொன்னேன். "பிள்ள பெத்தவளுக்கு அப்படித்தான்ட்டி இருக்கும்" என்றார். அதை நம்பி இன்னும் நான்கு மாதத்தை வீணாக்கினேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்து கர்ப்பப்பை லேசாக இறங்கியிருக்கிறது என்றார். அந்தத் தசைக்குப் பயிற்சி, பிறப்புறுப்புக்குள் வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கும் சிலிகோன் வளையம், ஆபரேஷன் என்று மூன்று வழி சொன்னார்.

ஆபரேஷனை நான் அதிகம் யோசிக்கவில்லை. கர்ப்பப்பை வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியவர்களுக்கு அது தேவைப்படலாம். அடுத்த பிள்ளை வேண்டும் என்கிறவர்களைப் பொதுவாகத் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள், இன்னொரு பிரசவம் தைத்ததைக் கெடுத்துவிடலாம். என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தும், சில வருஷத்தில் மறுபடி இறக்கம் வந்தது. நான் செய்துகொண்டவள் இல்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

வளையத்தை ஆலங்குளம் மதினி வைத்திருக்கிறார். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர், புகையிலைத் தூசியில் இருமலும் உண்டு. வளையம் வைத்த அன்றே கனம் குறைந்துவிட்டது, அது பெரிய நிம்மதி. ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறந்து விட்டுவிட்டால் நாற்றமும் புண்ணும் வரும். தாங்கிப் பிடிக்குமே தவிர, தசைக்கு அதனால் பலம் ஏறாது.

நான் எடுத்தது பயிற்சி. 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதிலிருந்து 'கெகல் பயிற்சி' என்ற பெயர் வந்தது. முதலில் செல்போன் வீடியோ பார்த்து இரண்டு மாதம் செய்தேன், ஒரு பலனும் இல்லை. பிறகு பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையுறை போட்டு, விரல் வைத்துப் பார்த்தார். மேலே இழுக்க வேண்டிய தசையை நான் மலம் கழிக்க முக்குவதுபோலக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன்! இரண்டு மாதமும் இறக்கத்துக்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்: சரியான தசைதான் சுருங்குகிறதா என்று ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

வாயு பிரியாமலும் சிறுநீர் வராமலும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கவும் கூடாது. ஆறு எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. இருமல் வரும்போதும் குடம் தூக்கும்போதும் முன்கூட்டியே சுருக்கிக்கொள்ள வேண்டும். மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும், முக்கினால் பட்ட பாடு வீண்.

காலையில் பால் காயும் நேரம், மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைக்கும் நேரம், ராத்திரி படுத்ததும் என்று வைத்துக்கொண்டேன். நாலாவது வாரம்வரை ஒரு மாற்றமும் இல்லாமல் அழுகை வந்தது. எட்டாவது வாரம் இருமினேன், கசியவில்லை. நாலே தடவை பாளையங்கோட்டை போய்வந்ததோடு சரி, அப்புறம் எல்லாம் வீட்டில்தான். ஆனால் ஊரில் கோயில் கொடை வந்த வாரம் விட்டுவிட்டேன், கசிவு லேசாகத் திரும்பிவிட்டது. சாயங்காலக் கனமும் முழுசாகப் போகவில்லை.

என் இறக்கம் லேசானது. முற்றியவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். திடீரென்று சிறுநீர் முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை போவதற்குள் கசிகிறது என்றால் அது வேறு வகை, மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மதினியும் இப்போது வளையத்தோடு பயிற்சி செய்கிறார். தை மாதம் வளையத்தை மாற்றப் போகும்போது நானும் கூடப் போகிறேன், அவர் இழுப்பது சரிதானா என்று சோதித்துப் பார்க்கச் சொல்ல.