1,299 ரூபாய் ‘ஏஎன்சி’ ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன?

சென்னையில் ஒரு கடையில் கல்லூரி மாணவி ஒருவர் வாங்கிய ஹெட்போன் இது. கடையின் பெயர் வேண்டாம். இதே சரக்கு, இதே பேச்சு, இதே துண்டுச் சீட்டு பல ஊர்க் கடைகளிலும் இணைய விளம்பரங்களிலும் நடமாடுகின்றன. அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி 4,999 ரூபாய், விற்றது 1,299 ரூபாய்க்கு. ‘ஏஎன்சி, 40 மிமீ டிரைவர், 500 எம்ஏஎச் பேட்டரி, 50 மணி நேரம், ஓராண்டு வாரண்டி’ என்று பெட்டி முழுக்க அச்சு. ஏஎன்சி என்றால் வெளி இரைச்சலை மைக்கில் கேட்டு, அதற்கு எதிரான ஒலியை எழுப்பி அடக்கும் வசதி. டிரைவர் என்பது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், எம்ஏஎச் என்பது பேட்டரிக் கொள்ளளவின் அலகு.

மூன்றாம் மாதத்தில் வலப்பக்கக் கிண்ணத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்தது. அதற்கு முன்பே காது மெத்தையின் தோல் உரிந்து, கன்னத்தில் கறுப்புச் செதிலாக ஒட்டத் தொடங்கியிருந்தது. கடைக்குக் கொண்டுபோனால், “ஃபிசிக்கல் டேமேஜுக்கு வாரண்டி கிடையாதும்மா, கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேளுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் இருந்த கம்பெனி எண் பயன்பாட்டில் இல்லை. பில் என்று கையில் கொடுத்திருந்தது தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று போட்ட தாள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் பெயரும் இல்லை.

திறந்து பார்த்ததில் தெரிந்தது இதுதான். கிண்ணத்தின் வெளிப்புறத்தில், இரைச்சலைக் கேட்கும் மைக்குக்கு என்று இரண்டு சிறு துளைகள். அவற்றின் பின்னால் மைக் இல்லை, வயரும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் சுவர். மொத்த ஹெட்போனிலும் இருந்த ஒரே மைக் போன் பேசுவதற்கானது. ஏஎன்சி பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த ஒரு குரல் ஒலிக்கிறது, பேஸ் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பேட்டரியின் மேலேயே 200 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. இரு கிண்ணங்களிலும் ஓர் இரும்புத் தகடு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு எந்த மின் வேலையும் இல்லை, கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்தது. டிரைவர் மட்டும் சொன்னபடி 40 மிமீ. ஆனால் டிரைவரின் விட்டத்தை வைத்து ஒலியின் தரத்தைச் சொல்ல முடியாது. ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்ற வரியும் அப்படித்தான், எந்தப் பெட்டியிலும் அதை அச்சிடலாம்.

ஆகவே கடையிலேயே, பணம் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டும். ஏஎன்சியைச் சோதிக்கப் பாட்டே போடக் கூடாது. ஹெட்போனை மாட்டி, ஏசி அல்லது மின்விசிறி அருகே, இல்லையென்றால் பஸ் நிற்கும் சாலையோரம் நின்று பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். நிஜ ஏஎன்சி என்றால் அந்த அடித்தொனி ரீங்காரம் சட்டென்று தணியும். பக்கத்தில் பேசுபவர் குரல் அந்த அளவுக்குத் தணியாது, ஏனென்றால் இந்தத் தொழில்நுட்பம் முக்கியமாக 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சீரான இரைச்சலில்தான் நன்றாக வேலை செய்யும். பாட்டு ஓடும்போது மட்டும் வித்தியாசம் தெரிந்தால் அது ஏஎன்சி கிடையாது, பாட்டின் தொனியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்.

இன்னொரு குழப்பம் ‘இஎன்சி’. இது பொய்யில்லை, ஆனால் வேறு வேலை. உங்கள் மைக்கில் விழும் இரைச்சலை அது வடிகட்டும், பலன் எதிர்முனையில் இருப்பவருக்கு. உங்கள் காதுக்குள் வரும் பஸ் சத்தம் துளியும் குறையாது. பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்பதைப் பெரிதாகவும் ‘இஎன்சி’ என்பதைச் சின்னதாகவும் அச்சிட்டு விற்பதுதான் இந்த விலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று.

பேட்டரிக் கணக்கையும் நீங்களே போடலாம். இந்த வகை புளூடூத் ஹெட்போன் பாட்டு ஓடும்போது ஏறத்தாழ 10 முதல் 15 மில்லியாம்பியர் மின்சாரம் இழுக்கும். 200 எம்ஏஎச் பேட்டரியை இதால் வகுத்தால் 13 முதல் 20 மணி நேரம், 50 வரவே வராது. காதில் சொருகும் டிடபிள்யூஎஸ்ஸில் (வயரே இல்லாத தனித்தனி மொட்டுகள்) ‘40 மணி நேரம்’ என்றால் கேஸில் வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்ததையும் சேர்த்த கணக்கு அது. ஒரு தடவையில் எத்தனை மணி என்று தனியாகக் கேளுங்கள். அந்த எண்ணையும் பெரும்பாலும் பாதி வால்யூமில்தான் அளந்திருப்பார்கள்.

இனி உழைப்பு. ஹெட்போன் ஒலித்தரம் கெட்டுச் சாவது அரிது, பெரும்பாலும் மூன்று இடங்களில் உடைந்துதான் சாகிறது.

முதலாவது தலைப்பட்டை. உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளிருந்து எஃகுப் பட்டை வந்தால் நல்லது, பிளாஸ்டிக்கே நீண்டு வந்தால் முறியும் இடம் அதுதான். கிண்ணத்தைப் பிடிக்கும் கையும் கிண்ணமும் சேரும் முனையில் பிளாஸ்டிக் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். மடக்கும் வசதி உள்ள மலிவு மாடல்களில் கீல் இன்னொரு பலவீனம். பை இல்லாமல் முதுகுப் பைக்குள் திணித்தால் முதலில் போவது அந்தக் கீல். எடை குறைவாக இருக்கிறதே என்று மட்டும் எதையும் ஒதுக்காதீர்கள். சோனியின் எம்டிஆர்-இசட்எக்ஸ்110 மிக இலேசானது, 30 மிமீ டிரைவர்தான், ஆனால் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கும் எளிய வயர் ஹெட்போன்.

இரண்டாவது காது மெத்தை. தோல் என்று சொல்லி வருவது பெரும்பாலும் பியூ, அதாவது பாலியூரிதேன் பூசிய துணி. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதிமாற்றத்தில் சிதையும். கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் காது வேர்வையிலும் சீக்கிரம் உரியும், பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உரியும். இதைத் தடுக்க வழி இல்லை, மாற்றத்தான் முடியும். ஆகவே மெத்தை கழன்று வருகிறதா, அதே அளவில் தனியாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. வட்டமானால் விட்டத்தையும், நீள்வட்டமானால் நீள அகலத்தையும் மிமீ அளவில் குறித்துக்கொண்டு வெல்வெட் அல்லது துணி மெத்தை வாங்கிப் போட்டால் நம் வெயிலுக்கு நன்றாக உழைக்கும். அந்த மாணவியின் ஹெட்போனில் மெத்தையைக் கிண்ணத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பிய்த்தால் டிரைவரின் மேல் வலையும் சேர்ந்து வந்தது.

மூன்றாவது வயர். வயர் இயர்போன் போய்விட்டது என்று தூக்கி எறியப்படுபவற்றில் பெரும்பாலானவற்றில் பிளக் அருகே, அல்லது இரண்டாகப் பிரியும் ஒய் முனை அருகே கம்பி அறுந்திருக்கும், டிரைவர் நன்றாகவே இருக்கும். பிளக்கிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில் வளையக்கூடிய ரப்பர்க் கழுத்து ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கல்லாக இறுகிய பிளாஸ்டிக் கழுத்து வளைவைத் தடுக்காது, தன் விளிம்பில் கொண்டுபோய்க் குவிக்கும். போன் சட்டைப் பையில் இருக்கும் என்றால் எல் வடிவ பிளக் நல்லது. மேலே நூல் பின்னிய வயர் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் பின்னல் உராய்விலிருந்துதான் காக்கும், உள்ளே கம்பி அறுவதைத் தடுக்காது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 200 ஓம் நிலையில் வையுங்கள். நான்கு பிரிவுள்ள 3.5 மிமீ பிளக்கில் நுனி இடது, அடுத்த வளையம் வலது, அதற்கடுத்தது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். நம் போன்களில் வழங்கும் அமைப்பு இதுதான். நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 16 அல்லது 32 ஓமுக்கு அருகில் காட்டினால் இடது பக்கம் சரி. வயரை ஒவ்வொரு அங்குலமாக வளைத்துக்கொண்டே வாருங்கள், எண் எகிறும் இடம்தான் அறுந்த இடம். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனால் கிரவுண்ட் கம்பியைச் சந்தேகியுங்கள். பிளக் அருகே என்றால் அதிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிப் புது பிளக் வைக்கலாம். உள்ளே மயிரிழைபோல் வரும் வண்ணக் கம்பிகளின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சூடான சால்டரிங் முனையில் ஈயத்தோடு பிடித்து எரித்தபிறகே பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டியதுபோல் தெரியும், ஒலி வராது. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். ஆனாலும் மீட்டரில் பார்த்துவிட்டே பற்றவையுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வயர் கழன்று வரும் இயர்போன் வாங்கலாம். கேஇசட், மூன்டிராப் போன்ற நிறுவனங்களின் 2 பின் (வயர் இரண்டு ஊசிகளால் சொருகும்) மாடல்கள் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கின்றன. வயர் போனால் சில நூறு ரூபாயில் இன்னொரு வயர். 2 பின் சாக்கெட்டிலேயே வகைகள் உண்டு என்பதால் பழைய வயரைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

போனில் 3.5 மிமீ துளை இல்லாதவர்கள் ஏமாறும் இடம் டைப்-சி மாற்றி. நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பல உள்ளே வெறும் வயர் மட்டுமே உள்ளவை. போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாக வெளியே அனுப்பினால்தான் அவை பாடும், பல போன்கள் அனுப்புவதில்லை. டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் ‘டிஏசி’ சிப் உள்ள மாற்றியைக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பாருங்கள். ஐபோன் லைட்னிங் துளைக்கு என்று விற்கும் மலிவு இயர்போன்களில் ஒரு வகை இன்னும் மோசம். வயரைச் சொருகினாலும் புளூடூத்தை ஆன் செய்து இணைக்கச் சொல்லும். வயர் மின்சாரம் எடுக்க மட்டும், பாட்டு புளூடூத்தில். சொருகியவுடன் புளூடூத் கேட்டால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘அதே ஃபேக்டரி சார், லோகோ மட்டும் இல்ல’ என்ற பேச்சுக்கெல்லாம் ஒரே பொருள்தான்: போலி. அதற்கு எந்தக் கம்பெனியின் வாரண்டியும் செல்லாது.

வயர்லெஸ்ஸில் நீண்ட நாள் உழைப்பு வேண்டும் என்றால் டிடபிள்யூஎஸ்ஸை விட, கழுத்தில் மாட்டும் நெக்பேண்டே மேல் என்பது எங்கள் திடமான கருத்து. டிடபிள்யூஎஸ்ஸின் ஒவ்வொரு மொட்டிலும் 30 முதல் 60 எம்ஏஎச் அளவில் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி, மூடி ஒட்டிய கூட்டுக்குள். தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் கொள்ளளவு இறங்கிவிடும், உடைக்காமல் மாற்ற முடியாது. நெக்பேண்டின் பேட்டரிக் கூட்டைப் பல மாடல்களில் திறக்கலாம். பேட்டரியில் 401230 என்று இருந்தால் 4.0 மிமீ தடிமன், 12 மிமீ அகலம், 30 மிமீ நீளம் என்று அர்த்தம். அதே அளவு 3.7 வோல்ட் செல்லை, பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகப் பார்த்து, பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள். உப்பிய செல்லைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். ஐபிஎக்ஸ்4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பது மட்டுமே. மழையில் நனைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது பெட்டியும் பில்லும். இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் ஹெட்போனுக்குப் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட எண் பொருளிலோ பெட்டியிலோ இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர், பிராண்ட், பொருள் ஆகியவை வரும். பெயர் பொருந்தவில்லை, அல்லது எண் வேறு பொருளுக்கு உரியது என்றால் வாங்காதீர்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகும், கடையில் நின்றபடியே செய்யலாம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முழு முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு எண் பெட்டியில் இருந்தாக வேண்டும். எம்ஆர்பியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொடர்பு எண்ணைக் கடையிலிருந்தே கூப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த விதிமீறல்களைப் பார்ப்பது தொழிலாளர் துறை, புகாரை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் தரலாம்.

எஸ்டிமேட் தாளை வாங்காதீர்கள். கடையின் ஜிஎஸ்டி எண், மாடல் பெயர், சீரியல் எண், தேதி உள்ள பில் கேளுங்கள். “பில் போட்டா ஜிஎஸ்டி தனியா ஆகும்” என்றால் வாரண்டி கிடையாது என்பதை இப்போதே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் வாங்க முடியாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக, வக்கீல் இல்லாமலே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

யுபிஐ பதிவு பணம் யாருக்குப் போனது என்பதற்குச் சான்று, என்ன பொருள் வாங்கினீர்கள் என்பதை அது காட்டாது. ஆகவே எஸ்டிமேட் தாளின் படம், பெட்டியின் ஆறு பக்கங்களின் படம், பேட்டரி மேலுள்ள அச்சின் படம், ஏஎன்சி துளைக்குப் பின்னால் மைக் இல்லாததைக் காட்டும் படம், கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்வியும் அவர் பதிலும் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நேரில் மறுத்தால் அன்றே அதை வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ எழுதிக் கேளுங்கள், எழுத்தில் இருந்தால்தான் அது ஆவணம். ஹெட்போனையும் பெட்டியையும் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டால், கையெழுத்தும் கடை முத்திரையும் உள்ள ரசீது வாங்கிக்கொண்டே கொடுங்கள்.