ரைனுக்கு ஒரு மேட்டூர்: ஷெரோவின் ‘ரிங்’ டிவிடி

திரை விலகினால் ஆறு இல்லை, அணைதான் நிற்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் எழுதியபடி ‘ரிங்’ என்ற நாலு ஓபராக்களில் (இசை நாடகங்களில்) முதலாவதான ‘ரைன்கோல்ட்’ ரைன் நதியின் அடியில் தொடங்க வேண்டும். இயக்குநர் பாட்ரிஸ் ஷெரோ அங்கே மின்சாரம் எடுக்கும் அணைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நதிக்கன்னிகள் மூவரும் 19ஆம் நூற்றாண்டு விலைமாதர்கள். 1976இல், வாக்னர் ஓபராக்களுக்கான ஜெர்மனியின் பைராய்ட் விழாவின் நூற்றாண்டில், இதைக் கண்ட கூட்டம் எதிர்ப்பில் விசிலடித்துக் கூச்சல் போட்டது. அதே தயாரிப்பு 1980இல் கடைசியாக மேடையேறியபோது கைதட்டல் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இசை நடத்தியவர் இரண்டு முறையும் பியர் பூலேஸ்தான்.

ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் பேப்பரைப் புரட்டுகிற டெல்டாக்காரருக்கு இந்த அணையை யாரும் விளக்க வேண்டாம். ஆற்றில் கிடக்கும் பொன்னை ஆல்பெரிக் என்ற குள்ளன் தூக்கிக்கொண்டு போவதால் உலகம் கெடுகிறது என்பது கதை. பொன் திருடுபோகும் முன்பே ஆறு ஆலைக்காரன் கைக்குப் போயாயிற்று என்று ஷெரோ காட்டுகிறார். பாட்டில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பின்னால் இருக்கும் சுவரை மட்டும் மாற்றினார்.

மூன்றாவது ஓபராவான ‘ஜீக்ஃபிரீட்’ இரண்டாம் அங்கம் நம்மவர்களுக்குச் சற்று உறுத்தலாம். மேலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் நரசிம்ம முகம் பூஜையில் இருப்பது. கட்டுகிறவர் விரதம் இருப்பார். இங்கே டிராகன் ஒரு பெரிய பொம்மை, மேடை ஆட்கள் கண்ணெதிரே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து பாத்திரப் பிரவேசம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த கண் இதையும் ஏற்கும். இரண்டாவது ஓபராவான ‘வால்க்யூர’ இரண்டாம் அங்கத்து ஊசல் இன்னும் நல்ல யோசனை: தேவர்களின் தலைவர் வோட்டான் ‘முடிவு’ என்று பாடும் இடத்தில் அதைக் கையால் நிறுத்துகிறார்.

இனி வட்டு. படம் பழைய டிவி அளவான 4:3. டிவி ‘வைட்’ அமைப்பில் இருந்தால் தேவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் வீங்கிவிடுவார்கள்; மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தமிழ் சப்டைட்டில் கிடையாது, ஆங்கிலம் உண்டு.

பெரிய சிக்கல் ஒலியில். ‘ரைன்கோல்ட்’ முன்னிசை 136 பார் (தாளக் கட்டம்) முழுக்க ஒரே சுருதி, நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. அடி சுரம் சுமார் 39 ஹெர்ட்ஸ். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அது வராது. ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவார்கள். அப்புறம் பாதாள உலகுக்கு இறங்கும் இடத்தில் 18 பட்டறைக்கல் சத்தம் வந்து காதைப் பிளக்கும். நல்ல ஹெட்ஃபோனோ தனி ஆம்பிளிஃபயரோ வேண்டும். ஃபேனையும் நிறுத்துங்கள், கோடையில் முடிந்தால்.

நாலையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் மூன்றாவதில் நின்றுபோகும். ‘ரைன்கோல்ட்’ சுமார் இரண்டரை மணி நேரம், இடைவேளை இல்லை. அதை ஒரே மூச்சில். அடுத்து ‘வால்க்யூர’ முதல் அங்கம் மட்டும்: பீட்டர் ஹோஃப்மனும் ஜெனின் ஆல்ட்மையரும் பாடுவதைத் தனிக் கச்சேரியாகவே கேட்கலாம். மற்றவை அங்கத்துக்கு ஒரு இரவு. மான்ஃபிரெட் யுங்கின் ஜீக்ஃபிரீட் குரல் வறட்சிதான். அந்த ஓபராவைத் தாங்குவது ஜீக்ஃபிரீட்டை வளர்த்த குள்ளன் மீமாவாக வரும் ஹைன்ஸ் செட்னிக்கின் நடிப்பு. நாயகி ப்ரூன்ஹில்டவாக வரும் க்வினெத் ஜோன்ஸுக்கு மேல் ஸ்தாயியில் குரல் ஆடும், ஆனால் நாலாவது ஓபராவின் கடைசிக் காட்சியில் அவரை விட்டுக் கண் நகராது.

அந்தக் காட்சியில் தேவலோகம் எரிய, மேடையில் இருக்கும் ஜனங்கள் திரும்பி நம்மையே பார்க்கிறார்கள். 1976இன் விசிலை இந்த வட்டில் தேட வேண்டாம். 1979, 1980இல் படம் பிடித்தபோது அரங்கில் பார்வையாளர் இல்லை.