நாலாவது ஆள்: ஷட்டில் கோர்ட்டுக்குத் தனியாகவும் செட்டோடும்

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குக் குடிவரும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "நாலு பேரா ஒரு செட்டாச் சேர்ந்து இன்டோர் ஷட்டில் கோர்ட்ல மாத ஸ்லாட் எடுத்துடுவோமா? இல்ல, பேட்டைத் தூக்கிக்கிட்டுத் தனியா வந்து நின்னாலும் சேத்துக்குவாங்களா?" எந்த பேட், எத்தனை பவுண்டு இழுப்பில் நரம்பு, எந்த ஷூ என்பதெல்லாம் அவருக்கே தெரியும். இரண்டு வழியிலும் நெடுநாள் ஆடியதில் எது எப்படி நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நேரக் கணக்கைப் புரிந்துகொண்டு போக வேண்டும். நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு 21 பாயின்ட் டபுள்ஸ் கேம் ஒன்று 12 முதல் 15 நிமிடம் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு நாலு கேம். கோர்ட்டில் நாலு பேர் மட்டும் இருந்தால் நாலுமே உங்களுக்கு. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 40 நிமிடம், எட்டுப் பேர் என்றால் 30. தனியாகப் போகிறவருக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் ஆறு, எட்டுப் பேர் நிற்கும் கோர்ட்டில்தான். ஜெயித்த ஜோடி நிற்கும், தோற்ற ஜோடி இறங்கும் என்ற வழக்கம் அங்கே இருந்தால் காத்திருப்பு இன்னும் கூடும். போனதும் "அண்ணே, அடுத்த கேம் யார் இறங்குறா?" என்று கேட்டுப் பெயரைச் சொல்லிவிடுங்கள். பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உட்கார்ந்திருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. இருபது நிமிடம் ஆறிய காலோடு நேராகக் கோர்ட்டில் ஏறி, நெட்டை ஒட்டி விழும் முதல் டிராப்பை எடுக்க முன்னால் பாய்வதுதான் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அறுபடுகிற வழி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடக்கும் கேம் 15 பாயின்டைத் தாண்டியதும் எழுந்து, இரண்டு நிமிடம் நின்ற இடத்தில் குதித்து, குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்கி, இரு பக்கமும் நாலு முறை காலை முன்னால் எட்டி வைத்து முழங்காலை மடக்கிவிட்டு ஏறுங்கள்.

இத்தனை காத்திருப்புக்கும் தனியாகப் போவது தகுமா என்றால், தகும். அதற்குக் காரணம் சர்வீஸ். ஒரே நாலு பேர் மாதக்கணக்கில் ஆடினால் ஒருவர் சர்வீஸ் இன்னொருவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். காக் (ஷட்டில் பந்து) எங்கே வரும் என்று கண் பார்ப்பதற்கு முன்பே கால் நகர்ந்துவிடும். அதைத் திறமை என்று நம்பிக்கொண்டு வேறு ஊர் டோர்னமென்டுக்குப் போனால், முதல் ஐந்து சர்வீஸிலேயே குட்டு வெளிப்படும். தெரியாத கையை எதிர்கொள்ளும்போதுதான் பேட்டின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, மணிக்கட்டு கடைசி நேரத்தில் மடங்குகிறதா என்று பார்க்கப் பழகுகிறோம். முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டர். அந்தக் கோட்டை ஒட்டி நின்று வாங்கினால் ஷார்ட் சர்வீஸை நெட்டின் உயரத்திலேயே சந்தித்து அமுக்கலாம். ஆனால் ஃப்ளிக், அதாவது கடைசி நொடியில் தூக்கிவிடும் சர்வீஸ், வந்தால் தலைக்கு மேல் போய்விடும். எவ்வளவு ஒட்டி நிற்கலாம் என்பதை ஆளுக்கு ஆள் கணிக்க வேண்டும். இதைச் சொந்த செட் கற்றுத் தராது. அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வி மாணவர்கள் யாராவது எதிர்ப் பக்கம் நின்றால் விட்டுவிடாமல் ஏறி ஆடுங்கள். 21-8 என்று தோற்றாலும் பரவாயில்லை. அவர்கள் போடும் டாஸ் (உயரத் தூக்கிப் பின்னால் அனுப்பும் அடி) கடைசிக் கோட்டில் போய் விழுவதையும், அதைத் துரத்தி எடுக்க எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்பதையும் வேறு எங்கும் பார்க்க முடியாது.

முன்பின் தெரியாதவரோடு ஜோடி சேரும்போது, லவ்-ஆல் (0-0) சொல்லி ஆட்டத்தைத் தொடங்கும் முன் அரை நிமிடம் பேசினால் பாதித் தகராறு குறையும். நடுவில் வரும் காக்கை யார் எடுப்பது? இருவரும் வலக்கை என்றால் இடப்பக்கம் நிற்பவருக்கு அது ஃபோர்ஹேண்ட், அவரே எடுக்கட்டும். ஒருவர் இடக்கை என்றால் இந்தக் கணக்கு மாறும், அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கும்போது முன் பின்னாகவும், டாஸ் தூக்கிவிட்டால் பக்கம் பக்கமாகவும் நிற்பதாகச் சொல்லிவையுங்கள். "என்னுது", "விடு" என்று வாய் திறந்து கத்துங்கள். தெரியாத ஜோடியில் பேட்டும் பேட்டும் மோதி ஃப்ரேம் விரிசல் விடுவது இந்த இரண்டு சொல்லைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான். கோடு விஷயத்தில், காக் விழுந்த பக்கத்தார் சொல்வதே முடிவு. சந்தேகம் என்றால் ரீப்ளே. புதியவர்களிடம் இது சுமுகமாக நடக்கும். சிநேகிதர்களிடம் ஒரு லைன் கால் டீக்கடை வரை வரும்.

தனியாகப் போகிறவர் இரண்டு காக்காவது கையில் கொண்டுபோக வேண்டும், அதுதான் மரியாதை. இறகு காக் என்றால் டப்பாவின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 75, 76, 77, 78 என்று ஏற ஏற வேகம் கூடும். நம் ஊர் இன்டோர் என்பது பெரும்பாலும் தகரக் கூரையும் காற்றுப் புகாத சுவரும்தான். ஃபேன் போட்டால் காக் ஆடும் என்பதால் ஃபேனும் ஓடாது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, காக்கைப் பிடித்து நிறுத்தாது. குளிர்காலத்தில் சரியாக விழுந்த 77, சித்திரை மாலையில் கோட்டைத் தாண்டும். விதிப்படியான சோதனை எளிது: பின்கோட்டுக்கு மேல் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். தாண்டினால் அடுத்த முறை 76 அல்லது 75 வாங்குங்கள். வறண்ட காற்றில் இறகு முறியும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் இரவே டப்பாவைத் திறந்து, இறகுப் பக்கம் மட்டும் படும்படி 20, 30 விநாடி நீராவி காட்டி மூடிவைத்தால் மறுநாள் கூடுதலாக இரண்டு கேம் தாங்கும். நைலான் என்றால் வெயில் காலத்தில் பச்சைப் பட்டை, அது வேகம் குறைந்தது.

ஷூவைப் பையில் கொண்டுபோய் உள்ளே மாட்டுங்கள். செம்மண் புழுதி கோர்ட்டின் மேட்டில் (விரிப்பில்) படிந்தால் எண்ணெய் கொட்டியது போல வழுக்கும்.

இனி செட். இதில் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாத ஒன்று நாலாவது ஆள். வெயிலுக்கு முந்திய ஸ்லாட்டுக்குத்தான் போட்டி என்பதால் காலை 5:30 எடுப்போம். 5:25-க்கு மூன்று பேர் நெட் கட்டி நிற்போம். "கிளம்பிட்டேன்ணே" என்று நாலாவது ஆளிடமிருந்து வாட்ஸப் வரும். 5:50-க்கு வருவார், அல்லது வரவே மாட்டார். கோர்ட் வாடகை மணிக்கு 300 என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 75 ஆக வேண்டியது 100 ஆகிறது. அந்த 25 ரூபாய் போகட்டும். டபுள்ஸே இல்லாமல் போகிறது, அதுதான் இழப்பு. ஒருவர் வராததற்கு மூன்று பேரின் காலைத் தூக்கம் வீண். தூங்குகிறவருக்கு இது உறைக்கவே உறைக்காது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி-பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா, வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய் என்று ஆள் குறையும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். சாதாரண புதன்கிழமைக்கு என்ன காரணம்?

மூன்று பேர் மட்டும் நின்றால் செய்யக்கூடியது இது. ஒருவர் ஒரு பக்கம், இருவர் எதிர்ப் பக்கம். தனி ஆள் காக்க வேண்டியது 5.18 மீட்டர் அகல சிங்கிள்ஸ் கோர்ட் மட்டும். இருவர் பக்கத்துக்கு 6.1 மீட்டர் முழு அகலமும் கணக்கு. ஏழு பாயின்டுக்கு ஒருமுறை தனி ஆள் மாற வேண்டும். அதற்கு மேல் ஓட விட்டால் மூன்றாவது சுற்றில் எல்லாருக்கும் கால் விட்டுவிடும். நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மாதப் பணம் கட்டவில்லை.

செலவிலும் செட் லாபம் என்று சொல்ல முடியாது. நடுத்தர ஆட்டத்தில் ஒரு மணிக்கு இரண்டு முதல் நாலு இறகு காக் தீரும். யார் டப்பா வாங்கியது, யார் இன்னும் தரவில்லை என்ற கணக்கு மாதக் கடைசியில் மனஸ்தாபம் வரை போகும். ஆட்டம் முன்னேறுகிறதா என்றால், மேலே சொன்னேனே, சர்வீஸ் மனப்பாடம்.

இத்தனையும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: செட் சேருங்கள். உங்கள் பேக்ஹேண்ட் பக்கம் டாஸ் வந்தால் இடுப்பு திரும்பாமல் கையை மட்டும் வீசுகிறீர்கள் என்பதை, அன்றைக்கு மட்டும் ஜோடி சேர்ந்தவர் சொல்ல மாட்டார். "பரவால்ல, நெக்ஸ்ட்" என்பார். வருடக்கணக்கில் கூட ஆடுகிறவன் முகத்துக்கு நேராகச் சொல்வான், மறுநாளும் சொல்வான், திருத்தும் வரை விட மாட்டான். கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்துக் கட்டி, பேட்டை எடுத்துப் பையில் போட்டு, உங்கள் வண்டியை ஒருவன் ஓட்ட, இன்னொருவன் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவான். தனியாகப் போனவர் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட வேண்டியதுதான். தனி ஆட்டத்தில் கிடைக்கும் அத்தனை நல்லதையும் இந்த ஒன்றுக்காக விடலாம் என்பது என் கட்சி.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நாலு பேராகச் சேராமல் ஐந்து பேராகச் சேருங்கள். ஐவரும் வந்த நாளில் கேமுக்கு ஒருவர் உட்கார்ந்து ஸ்கோர் சொல்லலாம், மணிக்கு ஆளுக்கு 48 நிமிடம் கிடைக்கும். ஒருவர் தூங்கினாலும் டபுள்ஸ் நடக்கும். வந்தாலும் வராவிட்டாலும் பங்கு ஒன்றுதான் என்று முதல் நாளே பேசி, மாதம் பிறக்கும் முன் ஐந்து பேரிடமும் பணத்தை வாங்கிவிடுங்கள். காக்குக்குத் தனியாக ஒரு பொது நிதி, அதை ஒருவரே வைத்திருக்கட்டும். வர முடியாதவர் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்லியாக வேண்டும். மூன்று முறை சொல்லாமல் நின்றவரை அடுத்த மாதம் சேர்க்காதீர்கள், மாப்பிள்ளை முறையாக இருந்தாலும்.