எட்டு ஆண்டுகள் ஸ்விட்ச், நான்கு ஆண்டுகள் பிஎஸ்5: எங்கள் வீட்டில் நிலைத்தது எது?

இரவுப் பணி முடிந்து காலையில் சிங்கப்பூரின் ஊட்ரம் பார்க் நிலையத்தில் ரயில் ஏறினால் செங்காங் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் வருவதால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். பையிலிருந்து, கையிலும் தொலைக்காட்சியிலும் விளையாடக்கூடிய நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச்சை எடுத்து, பொத்தானை மூன்று முறை தட்டினால், நேற்று எந்த மலைச்சரிவில் விட்டேனோ அதே இடத்தில் நிற்பேன். டோபி காட் வருவதற்குள் ஒரு குகை, சிராங்கூன் வருவதற்குள் ஒரு சண்டை. புவாங்கோக் அறிவிப்பு கேட்டதும் ஒரே அழுத்தில் திரை அணைந்துவிடும். தாதியாக வேலை செய்யும் எனக்கு நாளின் முதல் ஓய்வு இதுதான். 2017 டிசம்பரில் வாங்கிய கருவி அது. எட்டு ஆண்டுகளாக என் பையில் இருக்கிறது.

என் தம்பிக்கு இது பிடிக்காது. தீபாவளிக்கு பொங்கோலிலிருந்து குடும்பத்தோடு வரும்போதெல்லாம், "அக்கா, அரதப் பழசான சிப்பை இன்னும் கட்டி அழுகிறாயே" என்பான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப் 2015இல் அறிமுகமானது. கருவி விற்பனைக்கு வந்த 2017 மார்ச்சிலேயே அது பழையதுதான். கன்சோல் எனும் விளையாட்டுக் கருவி என்றால் முதலில் வலிமை வேண்டும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பது அவன் கட்சி. அவன் தூண்டுதலால்தான் 2021 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆகவே இரண்டையும் நீண்ட காலம் புழங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிஎஸ்5இன் எடை நான்கரை கிலோ. நிறுத்தி வைத்தால் 39 சென்டிமீட்டர் உயரம். எங்கள் நான்கறை வீட்டுத் தொலைக்காட்சி மேசையின் எந்தத் தட்டிலும் அது நிற்கவில்லை. படுக்க வைக்கவும் பின்புறம் காற்றுக்கு இடம் போதவில்லை. கடைசியில் நடுப்பலகையைக் கழற்றி எடுத்தோம். அன்றிரவு முதல் விளையாட்டைத் தொடங்கியபோது, உண்மையாகவே வாயடைத்துப் போனேன். மழையில் நனைந்த சாலையில் கடை விளக்குகள் மிதந்தன. இவ்வளவு அழகை வரவேற்பறையில் பார்ப்பேன் என்று சிறுவயதில் நினைத்ததில்லை.

ஆனால் ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. கணக்கிடும் வலிமையைக் குறிக்கும் 10.28 டெராஃபிளாப்ஸ் என்ற எண்ணை வாங்கும்போது மனப்பாடமாகச் சொன்ன நான், பிறகு அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் மகிழ்ச்சி தருபவை இரண்டு. ஒன்று அதன் சேமிப்பகம். நொடிக்கு 5.5 ஜிகாபைட் வேகத்தில் தரவைப் படிப்பதால் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவளுக்குச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. 2021இல் வந்த 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் தாவுகிறோம். அந்த வேகம் இல்லையென்றால் அப்படி ஒரு விளையாட்டைக் கற்பனை செய்திருக்கவே முடியாது. வலிமையின் பெருமையை நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்ளும் இடம் இது.

இன்னொன்று கண்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து விளையாடும் பொத்தான் கருவி. கருவியோடு இலவசமாக வரும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' விளையாட்டில் அந்தச் சின்ன ரோபோ மணலில் நடந்தால் உள்ளங்கையில் மணல் நெருநெருக்கிறது. பனிக்கட்டியில் வழுக்கினால் கையும் வழுக்குவது போல இருக்கிறது. மழை பெய்தால் துளித்துளியாக விரல் நுனியில் விழுகிறது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, இப்போது கண்ணாடி மேல் நடக்கிறான்" என்று சரியாகச் சொன்னாள். 'ரிட்டர்னல்' விளையாட்டில் கண்ட்ரோலரின் விரல் விசையைப் பாதி அழுத்தினால் குறி பார்க்கலாம், தடையை மீறி முழுதாக அழுத்தினால் வேறு வகைத் தாக்குதல் தயாராகும். விரலுக்கு எதிராக விசை முறுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். இதெல்லாம் டெராஃபிளாப்ஸ் கணக்கில் வராது. கைக்கும் விளையாட்டுக்கும் இடையிலான உறவைப் புதிதாக யோசித்த யாரோ ஒருவரின் வடிவமைப்பு. வலிமைக்காக வாங்கிய கருவியில் என்னைப் பிடித்து வைத்திருப்பதில் பாதி புதுமைதான். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவனால் மறுக்க முடியவில்லை.

அப்பாவின் கதையைச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பவாங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தவர். வலது கட்டைவிரல் இப்போது முழுதாக மடங்காது. பிஎஸ்5 கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தபோது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதில் எத்தனை பொத்தான்?" என்று கேட்டு, பத்திரமாக மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

2022இல் 'நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்' வந்தது. ஸ்விட்ச்சின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிவப்பு ஜாய்-கான் என்ற சிறிய கண்ட்ரோலரைக் கழற்றி, நாடாவை அவர் மணிக்கட்டில் மாட்டி, ஒரே ஒரு பொத்தானைப் பிடித்தபடி கையை வீசச் சொன்னேன். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டம் அது. முதல் பந்து ஓரக் கால்வாயில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை, பற்றவைக்கும் கோலைச் சாய்ப்பது போல மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். பந்து வளைந்து சென்று பத்துக் கட்டைகளையும் சாய்த்தது. "வளைந்து போகிறது பார்!" என்று பேத்தியைத் தோளில் தட்டினார். மறுநாள் மாலை, நாங்கள் அழைக்காமலேயே, "அந்தச் சிவப்புக் கட்டை எங்கே?" என்று கேட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாளாவது தாத்தாவும் பேத்தியும் பந்து உருட்டுகிறார்கள். பேத்தி விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

2020இல் கொவிட்-19 முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்த ஏப்ரல், மே மாதங்களிலும் வீட்டைத் தாங்கியது இந்த எளிய கருவிதான். 'ரிங் ஃபிட் அட்வென்சர்' என்ற உடற்பயிற்சி விளையாட்டின் வளையத்துக்காக உலகமே அலைந்த காலம் அது. கடைகளில் இருப்பு இல்லை. நான் அதற்கு முந்தைய ஆண்டே வாங்கி வைத்திருந்தேன். கால்பந்தாட்டத் திடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த என் கணவர், வரவேற்பறையில் அந்த வளையத்தை அழுத்தி அழுத்தி வியர்த்துக் கொட்டுவார்.

வலிமையைவிட வடிவமைப்பை நம்பும் இந்தச் சிந்தனை ஸ்விட்ச்சோடு பிறந்ததன்று. நின்டெண்டோவில் பணியாற்றிய குன்பெய் யோகோய், ரயிலில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிப் பொழுதுபோக்குவதைக் கண்டுதான் 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை உருவாக்கினார். விலை குறைந்த, நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத கோணத்தில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. 1989இல் வந்த கேம் பாய்க்கு வண்ணத் திரைகூட இல்லை. போட்டி நிறுவனமான சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் மின்னியது. ஆனால் ஆறு பேட்டரிகளைப் போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரிகளில் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக ஓடியது. கேம் பாய் குடும்பம் 11.8 கோடிக்கும் மேல் விற்றது. ரயிலில் ஸ்விட்ச்சைத் திறக்கும்போது யோகோய் பார்த்த அந்தப் பயணியை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அதே யோகோய் 1995இல் உருவாக்கிய வர்ச்சுவல் பாய் புதுமையின் உச்சம். சிவப்பும் கறுப்புமாக முப்பரிமாணக் காட்சி. ஆனாலும் ஓராண்டுக்குள் சந்தையிலிருந்து போய்விட்டது. கண்ட்ரோலரிலேயே திரை வைத்த, ஸ்விட்ச்சுக்கு முந்தைய நின்டெண்டோ கருவியான வீ யூ, 1.35 கோடியைச் சற்றே தாண்டி நின்றுபோனது. அந்தத் திரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சில அடி தூரம்தான் போக முடியும். கருவி முழுவதையும் திரைக்குள் வைத்த பிறகுதான் அந்த எண்ணம் ஸ்விட்ச்சாக முழுமை பெற்று, 15 கோடியைத் தாண்டி விற்றது. புதுமையாக இருந்தால் போதாது. ஒருவருடைய அன்றாடத்தில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியில் அது பொருந்த வேண்டும்.

ஸ்விட்ச்சின் குறைகளை மூடி மறைக்க நான் தயாராக இல்லை. 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' பிஎஸ்5இல் ஒரே பரந்த உலகம். ஸ்விட்ச்சில் அந்த உலகின் ஊருக்குள் நுழைய ஒரு காத்திருப்புத் திரை. சிப்பின் வரம்பு அது. ஜாய்-கானின் குச்சி தொடாமலேயே நகரும் கோளாறு உலகறிந்தது. நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020இல் பங்குதாரர் கூட்டத்தில் அதற்காக மன்னிப்பும் கேட்டார். முதல் மாடலின் பேட்டரி பெரிய விளையாட்டுகளில் மூன்று மணி நேரம் தாண்டாது. 32 ஜிகாபைட் சேமிப்பு அன்றைக்கே போதாது. வடிவமைப்பை நம்பி வன்பொருளில் இவ்வளவு சிக்கனம் பிடித்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஆனாலும் கணக்கு வேறு விதமாக நிற்கிறது. பிஎஸ்5இல் விளையாடுபவர்கள் நானும், எப்போதாவது வரும் தம்பியும் மட்டுமே. அதுவும் எனக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைத்தால்தான். ஸ்விட்ச்சை நான்கு பேர் தொடுகிறார்கள், வாரத்தில் ஒரு நாள்கூட அது சும்மா கிடப்பதில்லை. ஆகவே முன்னுரிமை எதற்கு என்று கேட்டால், வடிவமைப்புக்கே என்று தயங்காமல் சொல்வேன். வலிமை அதன் பின்னால் வரட்டும். முதலில் காத்திருப்பைக் குறைக்கட்டும், படத்துக்கு மெருகேற்றுவது பிறகு.

தம்பி இந்தத் தீபாவளிக்கு பிஎஸ்5 ப்ரோ வாங்கச் சொன்னான். நான் 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2ஐ முடிவு செய்திருக்கிறேன். 7.9 அங்குலத் திரை, 256 ஜிகாபைட் சேமிப்பு, முன்பைவிடப் பல மடங்கு வலுவான சிப். வடிவம் மட்டும் ஏறக்குறைய அதேதான். அப்பாவுக்கு இருந்தது ஒரே கேள்வி: "சிவப்புக் கட்டை அதில் வேலை செய்யுமா?" கம்பியில்லா இணைப்பில் செய்யும் என்றேன். புதியதன் பக்கவாட்டில் அதைச் செருகி மின்னேற்ற முடியாது. அதனால் பழைய ஸ்விட்ச்சை விற்கப் போவதில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே, அவர் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கும்.