ரீபோர் செய்த என்ஜின்: எல்லாம் நல்லா இருக்கு, அந்தச் சத்தம் மட்டும்

நண்பன் ஒருவனின் பைக் நீலப் புகை கக்குகிறது. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரின் உட்துளையை, அதாவது போரை, கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது) போடவா, ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குவது) போடவா என்று கேட்கிறான். நான் ரீபோர் செய்து 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மி.மீ. பெரிய பிஸ்டன், போட்டு நல்ல காலம் ஓட்டிவிட்டேன், போன மாதம் ஹெட் கேஸ்கெட் கசிந்ததால் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி உள்ளே பார்க்கவும் வாய்த்தது, அதனால் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. எரிச்சலும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வாய் வராது. ஆயில் குடிப்பது அடியோடு நின்றது. முன்பெல்லாம் வண்டியில் எப்போதும் ஒரு ஆயில் பாட்டில் கிடக்கும். இப்போது ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்குவதே அபூர்வம். கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் காலை எதிர்த்து நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, தேய்ந்த என்ஜினில் அப்படி ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. போர் பெரிதானதால் பவர் கூடும் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம், 50 மி.மீ. போரில் அரை மி.மீ. ஏற்றினால் சிசி கூடுவது 2 சதவீதம். திரும்பி வந்தது தொலைத்த கம்ப்ரஷன்தான்.

ஏன் நேராக 0.50? 0.25 போதாதா என்று நானும் போர் அடித்த லேத் பட்டறையில் கேட்டேன். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டனின் மேல் ரிங் (சுவரோடு ஒட்டி அடைக்கும் வளையம்) ஏறி நிற்கும் இடத்தில்தான் அடி அதிகம்: அங்கே வெடிப்பின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்குகிறது, சூடு அதிகம், ஆயில் படலம் மெல்லிசு. அதற்கும் மேலே ரிங் தொடாத விளிம்பு தேயாமல் நின்றுவிடும், நகத்தால் தடவினாலே இடறும். போர் கேஜை (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) இறக்கிக் காட்டினார்கள். கீழே சும்மா இருந்த முள், மேலே வந்ததும் 0.18 மி.மீ. காட்டியது. அந்தத் தேய்மானம் ஏறக்குறைய முழுக்க ஒரு பக்கமாகவே, பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கமாகவே இருந்தது. மையம் நகராமல் அந்தப் பள்ளத்தை எடுக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கமும் அதே அளவு வெட்ட வேண்டும், ஆக விட்டம் 0.36 கூடும். 0.25 பிஸ்டன் அதற்குக் காணாது. இதைப் பொறுமையாக விளக்கியதும் அதே லேத்துதான், அதை மறுக்க மாட்டேன்.

ஹோனிங்கிலும், அதாவது போர் அடித்தபின் கல்லால் சுவரைத் தேய்த்து முடிப்பதிலும், குறை சொல்ல முடியாது. போன மாதம் பிளாக்கைத் தூக்கியபோது குறுக்கும் நெடுக்குமான அந்த மெல்லிய கோடுகள் இன்னும் தெரிந்தன. ஆயில் தங்குவதும் புது ரிங் பதிவதும் அந்தக் கோடுகளால்தான். ஹோன் செய்த பிளாக்கைப் பெட்ரோலில் அலசினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது, கல்லின் தூள் கோடுகளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் தேய்த்து, உடனே ஆயில் பூச வேண்டும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கட கட கட. ஒரு சில நிமிடம். சூடேறினதும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சாய்கிறது. இடைவெளி அதிகமென்றால் சாயும்போது தட்டும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்ததும் சத்தம் போய்விடுகிறது. இது முதல் வாரத்திலேயே இருந்தது. போய்ச் சொன்னேன். “ஓட ஓடச் சரியாயிடும் சார்” என்றார்கள். தட்டும் பிஸ்டன் எந்த ஊரில் ஓட ஓடச் சரியானது? ரிங் பதியும், சரி. ஸ்கர்ட்டுக்கும் (பிஸ்டனின் கீழ்ப்பக்கம்) சிலிண்டர் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஓடினால் கூடத்தான் செய்யும்.

நடந்தது இதுதான்: பிஸ்டன் வந்து சேர்வதற்கு முன்பே போர் அடித்துவிட்டார்கள். ‘ஐம்பது’ என்றால் இவ்வளவு என்று மனப்பாடமாக ஒரு அளவு. நான் பிஸ்டனோடு போய் நின்றபோது பிளாக் தயாராகத் துடைத்து வைத்திருந்தது. பிஸ்டன் ஒன்றும் நேரான குழாய் இல்லை, மேலே சிறுத்து, குறுக்கே லேசாக நீள்வட்டமாக இருக்கும்; ஸ்கர்ட்டின் அடிப்பகுதியில், பிஸ்டன் பின்னுக்குக் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கம்பி) குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து, அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டித்தான் போரை முடிக்க வேண்டும். என் மாதிரி சின்ன ஏர்கூல்டு என்ஜினுக்குப் பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மி.மீ. போதும். போன மாதம் பிஸ்டனைப் போருக்குள் விட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்தேன். 0.10 தகடு தாராளமாகப் போய் வந்தது. ஓடித் தேய்ந்ததும் இதில் சேர்த்திதான் என்று கழித்துக்கொண்டாலும், முதல் வாரத்துச் சத்தத்துக்கு அது பதில் ஆகாது.

ஸ்லீவ் என்றால் கதை வேறு. போரைப் பெரிதாக்கி, புது வார்ப்பிரும்பு ஸ்லீவை இறுக்கமாக இறக்கி, அதற்குள் ஸ்டாண்டர்டு அளவுக்கே போர் அடிக்கலாம். ஸ்டாண்டர்டு பிஸ்டன் எங்கேயும் கிடைக்கும், 0.75, 1.00 என்று தேடி அலைய வேண்டாம், அடுத்த ரீபோர்களும் மிச்சம் இருக்கும். ஆனால் பிளாக் அலுமினியம், அது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். இறுக்கம் குறைவாக வைத்தால் சூட்டில் ஸ்லீவ் தளர்ந்து, வெப்பம் பிளாக்குக்குப் போகாமல் பிஸ்டன் ஜாம் ஆகும். மேல் விளிம்போ படியோ சரியாக உட்காரவில்லையென்றால் ஸ்லீவே நகரும். உள்ளே நிக்கல் முலாம் பூசிய போர் என்றால் ரீபோர் பேச்சே கிடையாது, மறுமுலாம் அல்லது ஸ்லீவ்.

டேய், உனக்கு என் பதில்: ஸ்லீவ் போடு. ஆமாம், ஸ்லீவுக்குள்ளும் போர் அடிப்பது ஒரு லேத்துக்காரர்தான், பிஸ்டனை அளக்காமல் அடித்தால் அதுவும் இப்படியேதான் கடகடக்கும், மேலே எழுதினதை வைத்துப் பார்த்தால் ரீபோர்மேல் ஒரு குற்றமும் இல்லை, தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்கிறவன் நான், ரீபோர் போடு என்று என் வாயால் சொல்ல மாட்டேன். எதைப் போட்டாலும் பிஸ்டனை நீயே கொண்டுபோய்க் கொடு, உன் கண் முன்னால் மைக்ரோமீட்டர் வைக்கும் வரை பிளாக்கைக் கையை விட்டு இறக்காதே. எந்த லேத் என்று தனியாகக் கேள், போகக் கூடாத இடம் எது என்று சொல்கிறேன்.