வெள்ளமா, தண்ணியா: எல்லையோரத்தில் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டில் ஒருவருக்குக் கை கால் இழுத்துவிட்டது என்று போன் வந்ததும், வெளிநாட்டிலிருந்து ஓடி வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி “பாலக்காடா, கோயம்புத்தூரா?” என்பதுதான். ஒரே கேள்வியாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் நாளில், சிடி ஸ்கேன் எங்கே சீக்கிரம் எடுப்பார்களோ அங்கே. பேச்சுப் பயிற்சிக்கு, நோயாளிக்கு எந்த மொழி மிஞ்சியிருக்கிறதோ அந்த மொழி பேசுகிற இடம். வீட்டுக்கு நர்ஸ் வருவது, முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்திலிருந்து. இந்த மூன்றையும் ஒரே ஆஸ்பத்திரியில் தேடித்தான் பலர் லீவு முழுவதையும் காரிலேயே கழிக்கிறார்கள்.

முதல் நாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சிடி பார்த்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகே போடுவார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்ய முடியும். ஆகவே சிடி இல்லாத பக்கத்து கிளினிக்கில் டிரிப் ஏற்றிக்கொண்டு காத்திருப்பது நேரத்தைத் தின்னும். மருத்துவர் முதலில் கேட்பது “கடைசியாக நல்லா இருந்ததை எப்போ பார்த்தீங்க?” என்றுதான். விழுந்த நேரம் அதற்கு விடையாகாது. வாய் கோணியவருக்குத் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள், சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி இருக்கும். எல்லையோரத்தில் 108ஐ அழைத்தால் எந்த டவர் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகக்கூடும். எடுத்ததும் ஊர் பெயரோடு ஜில்லா பெயரையும் சொல்லுங்கள்.

இனி லீவு. ஐ.சி.யு.வில் இருக்கும்போது பறந்து வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகும் வாரத்தில் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. உடம்பு வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில்தான், வீடு தடுமாறுவதும் அப்போதுதான். இரண்டு பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் ஒருவர் டிஸ்சார்ஜுக்கும் இன்னொருவர் இரண்டாம் மாதத்துக்கும் வருவது மேல்.

மொழி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லையோரம் வேறு மாதிரி. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை காலோடு பேச்சும் போகக்கூடும். சிலருக்குப் புரியும், வாயில் வராது. சிலருக்குச் சரளமாக வரும், பொருள் இருக்காது. இரண்டு மொழி தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே அளவில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வார்டில் மலையாளி நர்ஸ் அன்போடு குனிந்து “வெள்ளம் வேணோ?”, அதாவது தண்ணி வேணுமா என்று கேட்கிறார். தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிற பெரியவருக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது, அவர் விழிக்கிறார். கஞ்சி ஊட்டும்போது “மதியோ?” என்றால் போதுமா என்று கேட்கிறார். இவருக்கு மதி மூளைக்கு மேலே எங்கோ நிலாவாக இருக்கிறது. கேஸ் ஷீட்டில் “சொல்வது புரியவில்லை” என்று ஏறிவிடும். அப்புறம் பயிற்சியும் அந்தக் கணக்கில்தான் தொடங்கும்.

ஆகவே ஸ்பீச் தெரபிஸ்டை முதலில் பார்க்கும்போதே வீட்டார் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: இவர் மனக்கணக்குப் போடுவது எந்த மொழியில், கோபம் வந்தால் திட்டுவது எதில், காலையில் எந்தப் பேப்பர் படிப்பார். பாலக்காடு ஜில்லாவின் சித்தூர் தாலுக்காவில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பேச்சைத் தமிழிலும் எழுத்தை மலையாளத்திலும் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பாலக்காட்டுப் பக்கம் நல்ல தெரபிஸ்ட் கிடைத்தும் தமிழ் வராது என்றால், பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம் தமிழில் வாரம் ஒரு முறை போய், மீதி நாள் வீடியோ காலில் செய்வது உடம்பை அலைக்கழிக்காது.

வீட்டில் பேச்சுப் பயிற்சி செய்வதற்குப் பட அட்டை வாங்க வேண்டாம். இருபது போட்டோ போதும்: அவருடைய டம்ளர், அவருடைய செருப்பு, கட்டில், கக்கூஸ் கதவு, மாத்திரை டப்பா, பேத்தி. ஆப்பிள், விமானம் என்று அச்சடித்த அட்டையை எழுபது வயதுக்காரரிடம் நீட்டினால் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பேச முடியாதவருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், கிழமை சொல்வதும், தெரிந்த பாட்டும் சில சமயம் தானாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். பார்க்க வருகிறவர்கள் “நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்” என்று பரீட்சை வைப்பதை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

விழுங்குவது இதைவிட அவசரம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வரும் நிமோனியாவில் கணிசமான பங்கு சாப்பாடும் எச்சிலும் நுரையீரலுக்குப் போவதால் வருவது. ஊரில் நோயாளிக்கு முதலில் வருவது கஞ்சி. அதுதான் வம்பு. கஞ்சியில் தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக இருக்கும். பருக்கையை நாக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணி தொண்டையில் இறங்கி மூச்சுக்குழாயில் நுழைந்துவிடும். ரசம் சாதமும் இதே ரகம். பப்படத் தூளும் முறுக்குத் தூளும் கூடாது. கஞ்சியை மிக்ஸியில் நைசாக அடித்து, கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒழுகக் கூடாது. எவ்வளவு கெட்டி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துச் சொல்வார், அதற்குமுன் நாமாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அரை ஸ்பூன். விழுங்கினாரா என்று பார்த்த பிறகே அடுத்தது. முடக்கமான கன்னத்தில் சோறு ஒளிந்திருக்கும், விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். இருமல்தான் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு இருமலே வராது, சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்கும்.

மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் இருந்தால் தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்கு மேல் உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, மெதுவாக. முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அரைத்த மாத்திரை அடைத்துக்கொள்ளும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளையும், வயிற்றில் கரையாமல் பூச்சு போட்டவற்றையும் அரைக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைப் பாருங்கள், நம் வீடுகளில் தோள் கெடுவது இங்கேதான். முடங்கிய கையின் தோள்மூட்டைப் பிடித்திருந்த தசைகள் தளர்ந்து எலும்பு இறங்கியிருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ கையைப் பிடித்து இழுத்தாலோ வரும் வலி மாதக்கணக்கில் போகாது, அப்புறம் பயிற்சிக்கே மறுப்பார். நாற்காலியை நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சாய்வாகப் போடுங்கள். இடுப்பைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்துங்கள். பாதம் இரண்டும் தரையில், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால். ஒரு பழைய வேட்டியை நீளமாக மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு அணை கொடுங்கள். “மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும்” என்று சொல்லி முன்னால் குனியவைத்தால் பிட்டம் தானாக எழும். மூன்று எண்ணி எழுந்து, நல்ல பக்கமாகத் திரும்பி உட்கார வையுங்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள், இரண்டு பேரும் விழுவீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, பழைய ஓட்டு வீடுகளின் உயரமான வாசற்படி பெரிய தடை. சாய்தளம் போட்டால் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு: 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். மேஸ்திரிகள் இடம் போதாது என்று அரை நீளத்தில் முடித்துவிடுவார்கள். அதில் வீல்சேர் தானாக ஓடும். கக்கூஸில் பிடிகம்பி நல்ல கைப்பக்கம் இருக்க வேண்டும். ஊன்றுகோலும் நல்ல கையில்தான், உயரம் நின்றபடி தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு மடிப்பு வரை. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதை இருந்து பாருங்கள். கரண்ட் மிஷினை ஒட்டிவிட்டு இருபது நிமிடம் போன் பார்க்கிறாரா, எழுந்து உட்கார வைக்கிறாரா? கைகால் திரும்புவது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, ஒரு நாளைக்கு மூன்று தடவை, என்று ஒரு கணக்கை வாங்கிக்கொள்ளுங்கள். விரல் கொஞ்சம் அசைந்தால் தட்டைப்பயறு உரிக்கக் கொடுங்கள். எந்த ரப்பர் பந்தையும்விட அது உபயோகம்.

வீட்டுச் சேவையில் கேரளத்தின் பக்கம் கை ஓங்கித்தான் இருக்கிறது. 2008இல் மாநிலக் கொள்கையாகவே வந்த பாலியேட்டிவ் (வலியும் சிரமமும் தணிக்கும் பராமரிப்பு) ஏற்பாட்டில் பஞ்சாயத்து நர்ஸ் வண்டியில் வீடு தேடி வருவார். பெயர் பதிய வார்டின் ஆஷா ஊழியரையோ குடும்ப ஆரோக்கிய மையத்தையோ பார்த்தால் போதும். பாலியேட்டிவ் என்றதும் சாகப்போகிறவருக்கு என்று பயந்து பதியாமல் விடுகிறார்கள், படுக்கையிலிருக்கும் எல்லாருக்கும்தான் அது. டியூப் மாற்ற, புண்ணுக்குக் கட்டுப்போட அவர்களை விட்டால் ஆளில்லை. முழுநேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு உதவித்தொகை தர ஆசுவாசகிரணம் என்று ஒரு திட்டமும் உண்டு, இப்போது புது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று அங்கன்வாடியில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கத் தயங்க வேண்டாம், மொழிச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை ஆட்சிமொழிச் சட்டத்திலேயே உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு முகவரி என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வருவது அதில் உண்டு. ஆதார் ஒரு மாநிலத்திலும் ஆள் இன்னொரு மாநிலத்திலும் இருக்கிற குடும்பங்கள் இரண்டு திட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகின்றன. முதல் வாரமே இதைச் சரி பாருங்கள்.

மாத்திரையில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு ஆபத்து. ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரையான குளோபிடோகிரல் பாலக்காட்டில் வாங்கியது ஒரு கம்பெனிப் பெயரிலும் பொள்ளாச்சியில் வாங்கியது இன்னொரு பெயரிலும் இருக்கும். பெட்டி வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்றே. இரண்டையும் போட்டுக்கொண்டால் ரத்தக்கசிவு. ஒவ்வொரு பட்டையிலும் மார்க்கரால் மருந்தின் பொதுப்பெயரை எழுதிவிடுங்கள். “பிரஷர் நார்மல் ஆயிருச்சு” என்று மாத்திரையை நிறுத்துவது அடுத்த ஸ்ட்ரோக்குக்கு நேர்வழி. மாத்திரை போட்டதால்தானே நார்மல்.

எண்ணெய், கிழி (மருந்து மூட்டை ஒத்தடம்) பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். உணர்ச்சி மரத்த தோலில் சூடான கிழி வைத்தால் சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கால் வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அமுக்கித் தேய்க்கக் கூடாது. கஷாயம் குடிப்பதானால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எழுதியவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். புறா ரத்தம் தடவச் சொல்கிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

திரும்புவதற்கு முன் பேங்க். வலது கை போனால் கையெழுத்து மாறும், பென்ஷன் எடுக்க முடியாமல் தாய்மார்கள் திண்டாடுவது அதனால்தான். கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். தனிப்பட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே மேனேஜரைப் பார்த்துப் பேசி முடியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள், இந்த லீவில் அது முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை எல்லாம் ஒரு பைலில் வீட்டில் இருக்கட்டும், படம் பிடித்து உங்கள் போனிலும் இருக்கட்டும்.

விமானம் ஏறிய பிறகு வீடியோ கால் பண்ணும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து முகத்தைக் காட்டும் நேரம் வேண்டாம். காலையில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் நேரத்துக்குக் கூப்பிட்டு, போனை முழங்கால் உயரத்தில் ஸ்டூலில் வைக்கச் சொல்லி, அவரோடு கூடவே பத்து வரை எண்ணுங்கள்.